சீனக்காரம் தாங்கிய பூக்கள்

இலங்கையின் வடமேற்குக் கரையில், கொழும்பு–புத்தளம் வீதி முந்தலைக் கடந்து பாலாவியை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள மதுரங்குளி, தென்னந்தோட்டங்களும் களப்பும் உப்பளங்களும் சூழ்ந்த மணற்பாங்கான ஊராகும். இத்தகைய உலர்ந்த கரையோர மணலுக்கு உரிய பூண்டுகளுள் ஒன்று இம்பூறல். ஒடுங்கிய இலைகளும் மிகச் சிறிய வெண்பூக்களும் உடைய இதைக் கடந்து செல்பவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சித்த மருத்துவம் இதன் இலையை விரும்பியது. சாயக்காரர்களோ மணலுக்குள் ஆழமாக இறங்கும் இதன் மெல்லிய வேரை விரும்பினர், ஏனெனில் அவ்வேரின் பட்டையில்தான் தென்னிந்தியத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்பு ஒளிந்திருந்தது. சாயவேர் என்று வழங்கப்பட்ட இதை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுக்கும் உரிமையை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஏகபோகமாக வைத்திருந்தது; பின்வந்த ஆங்கிலேயரும் சில காலம் அதைத் தொடர்ந்தனர்.

இவ்வேரில் ஊறிச் சிவந்த சோழமண்டலப் பூத்துணிகள் ஒல்லாந்தரின் கப்பல்களில் பத்தாவியா வழியாக ஜப்பானின் நாகசாகித் துறைமுகம் வரை சென்றன. அங்கே ‘சராசா’ என்று அழைக்கப்பட்ட அத்துணிகளைத் தேநீர்ச் சடங்கில் ஈடுபட்டோர் பொன்னைப் போற்றுவதைப் போலப் போற்றி, தேநீர்ப் பாத்திரங்களுக்கு உறை தைத்தனர்; கைப்பையாக்கினர்; கிழிந்த துண்டுகளையும் வீசிவிடாமல் ஏடுகளில் ஒட்டிச் சேர்த்து வைத்தனர்; சில தொங்கு சுருள் ஓவியங்களுக்கு அவற்றையே கரைத்துணியாகவும் பொருத்தினர். ஆகவே ஒரே சுவரில், ஒரே சுருளில், இரு வகைப் பூக்கள் அருகருகே நின்றதுண்டு. நடுவே தாளில் மையால் எழுதிய ஜப்பானியப் பூவும், ஓரத்தில் துணியில் சாயவேரால் எழுந்த தமிழ்க்கரைப் பூவும் வேதியியல் நோக்கில் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட இரண்டு விடைகளாகும்: நீரில் கரைந்து ஓடும் இயல்புடைய நிறத்தை ஓரிடத்தில் நிலைநிறுத்துவது எப்படி என்பதே அக்கேள்வி. இரண்டு விடைகளிலும் நிறமே இல்லாத ஓர் உப்பு, இலங்கையில் சீனக்காரம் என்றும் தமிழகத்தில் படிகாரம் என்றும் சொல்லப்படும் பொருள், மறைவாக நின்று வேலை செய்கிறது.

முதலில் ஜப்பானியப் பூவைப் பார்க்கலாம். சீனாவில் அரசுப் பணியாளரும் கவிஞருமாகிய கற்றோர், ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், கவிதைக்கும் கையெழுத்துக்கும் இணையான பயிற்சியாகக் கொண்டு வளர்த்த மரபை 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர் தம்முடையதாக்கிக்கொண்டனர். ‘புஞ்சின்கா’, அதாவது அறிஞர் ஓவியம் என்றும், தென்மரபு எனப் பொருள்படும் ‘நாங்கா’ என்றும் இது பெயர் பெற்றது. இக்கே நோ தைகா (1723–1776), யோசா பூசோன் (1716–1784) ஆகியோர் இம்மரபை உறுதிப்படுத்தினர். அடுத்த தலைமுறைகளில் யாமமோத்தோ பைஇத்சு (1783–1856), த்சுபாக்கி சின்சான் (1801–1854) ஆகியோர் பூக்களை வரைவதில் பெயர் பெற்றனர். 1679ஆம் ஆண்டில் சீனாவில் அச்சாகத் தொடங்கிய ‘கடுகு விதைத் தோட்டம்’ என்னும் ஓவியப் பயிற்சி நூலும், 1731இல் நாகசாகிக்கு வந்து இரண்டாண்டு தங்கிய சீன ஓவியர் ஷென் சுவானின் பாடமும் இவர்களுக்கு வழிகாட்டின. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஏறத்தாழ முழுமையாக அடைக்கப்பட்டிருந்த அந்த நாட்டில், சீனரும் ஒல்லாந்தரும் வந்து போன அதே துறைமுகத்தில்தான் சீனப் பூவோவியமும் சோழமண்டலப் பூத்துணியும் கரையேறின என்பது தற்செயலன்று. வேறு வாசல் பெரும்பாலும் திறந்திருக்கவில்லை.

இவ்வோவியங்களின் மை, எண்ணெய் விளக்கிலோ பைன் மரக்கட்டையிலோ எரித்துப் பிடித்த புகைக்கரியையும், விலங்குகளின் தோலையும் எலும்பையும் வேகவைத்து வடித்த வச்சிரப்பசையையும் பிசைந்து, அச்சிலிட்டு உலர்த்திய கட்டியாகும். ஓவியர் அதைக் கல்லில் நீர்விட்டு உரைத்துப் பயன்படுத்துவார். கரி என்பது ஏறத்தாழத் தூய காபன். அதன் துணிக்கைகள் மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுடையவை, நீரை வெறுப்பவை, தனியே நீரில் இட்டால் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகி அடியில் தங்கிவிடும். பசையிலுள்ள புரத மூலக்கூறுகள் ஒவ்வொரு துணிக்கையின் மேலும் படர்ந்து, அவை நெருங்கவிடாமல் விலக்கி வைப்பதால் மட்டுமே மை ஒரே சீராக நீரில் மிதக்கிறது. எண்ணெய்ப் புகையின் நுண்ணிய கரி சற்றுப் பழுப்புச் சாயலும், பைன் புகையின் பருத்த, ஒழுங்கற்ற கரி சற்று நீலச் சாயலும் காட்டுவதால், கறுப்பு ஒன்றேயாயினும் மலருக்கு ஒன்றும் மழைமேகத்துக்கு ஒன்றுமாகத் தேர்ந்தெடுக்க ஓவியருக்கு இடமிருந்தது.

பசையிடாத சீனத் தாளில் தூரிகை பட்டவுடன் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் இம்மரபின் நுட்பம் பாதி விளங்கிவிடும். தாளின் நார்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள், மயிர்த்துளைக் கவர்ச்சி எனப்படும் விசையால் நீரை இழுக்கின்றன. நீர் முன்னே ஓட, கரித்துணிக்கைகள் நார்களில் சிக்கிப் பின்தங்குகின்றன. எனவே கோட்டின் நடுவில் அடர்ந்த கறுப்பும், அதைச் சுற்றி மங்கிய சாம்பல் வளையமும் தாமாகவே உண்டாகின்றன. வெளிறிய மையில் தோய்த்த தூரிகையின் நுனியை மட்டும் அடர்ந்த மையில் தொட்டு ஒரே அழுத்தில் பக்கவாட்டில் சாய்த்தால், நுனியிலிருந்து அடிவரை நிறம் மெலியும் முழு இதழ் ஒன்று பிறக்கும். அந்த இதழை ஒட்டி இரண்டாவது இதழை இட்டால் இரண்டும் கலந்து குழம்பும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் கலப்பதில்லை: முதல் இதழின் ஓரத்தில் ஏற்கெனவே நீரும் பசையும் நார்களை நிறைத்துவிட்டதால், இரண்டாவது இதழின் கரி அங்கே நுழைய முடியாமல் நின்றுவிட, இரண்டுக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு எஞ்சுகிறது. அறிஞர் குழாத்தைச் சேராதவராயினும் அவர்களின் காலத்தவரான இத்தோ ஜாக்குசூ (1716–1800), இந்தக் கோட்டையே பயன்படுத்திச் சாமந்திப் பூவின் நூற்றுக்கணக்கான இதழ்களை வெளிக்கோடு ஒன்றுகூட வரையாமல் பிரித்துக் காட்டினார். ஓவியர் வரையாத கோட்டைத் தாள் வரைந்து கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

வண்ணப் பூக்களுக்கு இந்த ஓட்டம் உதவாது. சிவந்த மலரின் நுட்பமான நிறப்படிவுகளைப் பட்டிலோ தாளிலோ தீட்டும்போது வண்ணம் கட்டுக்குள் நிற்க வேண்டும். அதற்காக வச்சிரப்பசை கலந்த நீரில் சிறிதளவு சீனக்காரத்தைக் கரைத்து, தளம் முழுவதும் பூசி உலர்த்துவர். இப்பூச்சை ஜப்பானியர் ‘தோசா’ என்பர். சீனக்காரம் என்பது பொற்றாசியமும் அலுமினியமும் சல்பேற்றும் நீரும் சேர்ந்த பளிங்கு உப்பு. அதிலுள்ள அலுமினிய அயன், பசையின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், பசை மீண்டும் நீரில் கரையாத மென்படலமாக நார்களை மூடுகிறது. மயிர்த்துளைகள் அடைபட்ட அந்தத் தளத்தில் நீர் மேலேயே நிற்கும். ஓவியர் அதை ஆறுதலாக இழுத்து, இதழின் ஓரத்தில் மெலியவிட முடியும்.

வெள்ளை இதழுக்கு வேறொரு கடற்பொருள் தேவைப்பட்டது. சிப்பி ஓடுகளைப் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் போட்டு, பின் மாவாக அரைத்து எடுக்கும் கல்சியம் காபனேற்றை ஜப்பானியர் ‘கோபுன்’ என்பர். ஈரமாக இருக்கும்போது ஓரளவு ஒளியை ஊடுருவவிட்டு மங்கித் தெரியும் இப்பொருள், உலர்ந்த பின்னரே வெண்மை கொள்கிறது. சிப்பித் துகளுக்கும் நீருக்கும் ஒளியை முறிக்கும் திறனில் உள்ள வேறுபாடு சிறிது. நீர் நீங்கி அவ்விடத்தைக் காற்று பிடித்தவுடன் வேறுபாடு பெரிதாகி, ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. எனவே தான் தீட்டிய வெண்மையை அக்கணத்தில் காண முடியாமல், உலர்ந்தபின் எப்படி இருக்கும் என்ற கணிப்பிலேயே ஓவியர் வேலை செய்ய வேண்டியிருந்தது. இலைப் பச்சையோ பெரும்பாலும் தனி நிறமன்று. அவுரி நீலத்தோடு, கொறுக்காய்ப்புளியின் இனத்தைச் சேர்ந்த மரங்களில் வடியும் மஞ்சள் பிசினைக் கலந்து பெற்ற நிறம் அது. பிசின் மஞ்சள் ஒளிபட்டு வெளிற, நீலம் மட்டும் எஞ்சும். சோழமண்டலத் துணிகளிலும் பச்சை இவ்வாறே நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டிப் பெறப்பட்டதால், அருங்காட்சியகங்களில் இன்று காணப்படும் பழைய பூத்துணிகளின் இலைகள் நீலமாக இருப்பதில் வியப்பில்லை. அவற்றை வரைந்தவர் நீல இலைகளை வரையவில்லை.

இனி ஓரத்துத் துணிக்கு வரலாம். சோழமண்டலத்தில் பூத்துணி எழுதியவர்கள் துணியில் நிறத்தைத் தீட்டவில்லை. நிறம் பிடிக்கும் இடத்தையே தீட்டினர். பாண்டிச்சேரியில் 1734இல் போலியூ என்னும் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் துணித்துண்டு வெட்டி இணைத்து எழுதிய குறிப்பும், 1742இல் கேர்தூ பாதிரியார் எழுதிய கடிதமும் இம்முறையைப் படிப்படியாகச் சொல்கின்றன. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவது முதற்படி. கடுக்காயின் துவர்ப்பொருள் நாரைப் பற்றிக்கொண்டு உலோக அயன்களுக்காகக் காத்திருக்கும். பாலின் கொழுப்பும் புரதமும், எழுதுகோலிலிருந்து இறங்கும் நீர்மம் பரவாமல் தடுக்கும். ஜப்பானில் பசையும் சீனக்காரமும் செய்த வேலையை இங்கே எருமைப்பால் செய்தது. பிறகு, மூங்கில் குச்சியில் கம்பளி சுற்றி, அதை விரலால் அழுத்த அழுத்த நுனியில் நீர்மம் இறங்கும்படி அமைத்த ‘கலம்’ என்னும் எழுதுகோலால், சிவக்க வேண்டிய இடங்களில் சீனக்கார நீரால் வரைவர். அந்நீருக்கு நிறமில்லை, வரைந்தது கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் சிறிது பதிமுகக் கட்டையின் சாற்றை அதில் கலப்பதுண்டு. ஓடும் நீரில் துணியை அலசியபின் சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால், சீனக்காரம் தங்கிய இடங்கள் மட்டும் நிலைத்த சிவப்பாக மாற, மற்ற இடங்களில் ஏறிய வெளிறிய நிறம் சாண நீரிலும் வெயிலிலும் மீண்டும் மீண்டும் வெளுத்துப் போகும்.

சாயவேரின் நிறப்பொருள் அலிசரின் எனப்படும் கரிமச் சேர்மம். ஐரோப்பியர் மஞ்சிட்டியின் உறவான செடி ஒன்றிலிருந்து எடுத்ததும் இதுவே. 1826இல் பிரான்சில் ரொபிக்கேயும் கொலானும் அதைப் பிரித்தெடுத்தனர். தனித்த அலிசரினுக்குப் பருத்தியின் மேல் பற்று மிகக் குறைவு. அலுமினிய அயன் இடையில் வந்து, ஒரு கையால் நாரையும் மறுகையால் அலிசரினையும் பற்றும்போதுதான் நீரில் கரையாத சிவப்பு உருவாகிறது. இவ்வாறு இடைநின்று பிணைக்கும் பொருளை நிறமூன்றி என்பர். அலுமினியத்தோடு கல்சியமும் அந்தப் பிணைப்பில் சேர்ந்தால் சிவப்பு மேலும் ஒளிர்கிறது. கிருஷ்ணா ஆற்றுக் கழிமுகத்தின் மணலில் விளைந்த சாயவேர் மிக உயர்ந்ததெனச் சாயக்காரர்கள் மதித்ததற்கு, நொறுங்கிய கிளிஞ்சல்களால் சுண்ணாம்பு மிகுந்த அம்மண்ணே காரணமாகக் கருதப்படுகிறது. மன்னார் முதல் புத்தளம் வரையான கரைக்கும் கிளிஞ்சலும் பவளச் சுண்ணாம்பும் புதியவை அல்ல. சீனக்காரம் கிட்டாத இடங்களில், தன் இலைகளில் அலுமினியத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கும் காயா மரத்தின் இலை அதன் பணியைச் செய்தது. ஜப்பானில் கமேலியா மரத்தின் சாம்பலும் அவ்வாறே பயன்பட்டது. வேதியியல் என்ற துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இரண்டு நாட்டுச் சாயக்காரரும் காடுகளில் அலுமினியத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டனர்.

ஜப்பானியர் இத்துணிகளைப் பார்த்துத் தாமும் செய்ய முயன்றனர். 1778இல் சராசாப் பூவேலைகளின் மாதிரிகளைத் தொகுத்து ‘சராசா பென்ரன்’ என்ற நூலே வெளிவந்தது. வடிவங்கள் எளிதில் கைவந்தன; சிவப்பு வரவில்லை. அங்கே பெரும்பாலும் சோயாச் சாற்றில் குழைத்த நிறப்பொடிகளை வெட்டுத்தாள் வழியாகத் துணியின்மேல் பதித்தனர். இந்திய நிறம் நாரோடு பிணைந்திருக்க, அந்நிறம் நாரின்மேல் அமர்ந்திருந்தது; ஆகவே துவைக்கத் துவைக்க ஒன்று நிலைத்தது, மற்றது மங்கியது.

தாங்கி நிற்கும் பொருளே காலப்போக்கில் அரிக்கவும் செய்கிறது. சீனக்காரத்தின் நீர்க்கரைசல் அமிலத்தன்மை உடையது. தோசாப் பூச்சில் அது மிகுந்துவிட்டால், தாளின் செலுலோசுச் சங்கிலிகளை அமிலம் மெல்ல வெட்டி, தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். துணியில் தீங்கு செய்வது சீனக்காரத்தை விட இரும்பு. பூக்களின் கறுத்த வெளிக்கோடுகளுக்காக, வெல்ல நீரில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்துப் புளிக்கச் செய்த நீர்மத்தைக் கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதுவர். கறுப்பு உடனே எழும். ஆனால் அந்த இரும்பு நாரின் ஒட்சியேற்றத்தைத் தூண்டிக்கொண்டே இருப்பதால், நூற்றாண்டுகளுக்குப்பின் கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்து, சிவந்த இதழ்கள் எல்லையின்றி நிற்கின்றன. அறிஞர் ஓவியத்தின் கரிமைக்கு இக்குறை இல்லை. காபன் எதனோடும் வினைபுரியாமல், ஒளிக்கும் காற்றுக்கும் அசையாமல், தாள் இருக்கும் வரை இருக்கும். பகட்டான வண்ணங்களை ஒதுக்கி மையை நம்பிய அந்தக் கற்றோர் அதை ஒழுக்கத்தின் அடையாளமாகக் கருதியே செய்தனர். இரசாயனமும் அவர்கள் பக்கமே நின்றது.

தொங்கு சுருள் மதுரங்குளி வீடொன்றின் சுவரில் மாட்டி வைக்கத்தக்க பொருளன்று. ஓவியத்தாளின் பின்னே பல அடுக்குத் தாள்களும், சுற்றிலும் கரைத்துணியும், கீழே உருளைக்கட்டையும் சேர்த்து, மீண்டும் மீண்டும் விரியவும் சுருளவும் ஏற்றவாறு அது கட்டமைக்கப்படுகிறது. அடுக்குகளை ஒட்டுவதற்குக் கோதுமை மாப்பொருளைக் காய்ச்சிச் சாடிகளில் பத்தாண்டளவு ஊறவிட்ட பழம்பசை பயன்படுகிறது. நுண்ணுயிர்கள் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தபின் எஞ்சும் அப்பசை வேண்டுமென்றே வலுக்குறைந்தது, ஏனெனில் வலுத்த பசை சுருளை விறைக்கவைத்து ஓவியத்தில் மடிப்பு விழச் செய்யும். மேலும் நூறாண்டுக்கு ஒருமுறை பழைய அடுக்குகளை நனைத்துப் பிரித்துப் புதியன ஒட்டவும் வேண்டும். இத்தகைய கட்டமைப்புக்குக் காற்றின் ஈரமே முதல் எதிரி. ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் மாப்பொருளிலும் வச்சிரப்பசையிலும் வேர்கொண்டு, தாளில் செம்பழுப்புப் புள்ளிகளை இடும். சோளகக் காற்று கரைக்குக் கொண்டுவரும் நுண்ணிய உப்பு அதை மேலும் கடுமையாக்குகிறது: கறியுப்பு, ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டியவுடன் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச்சாடி கசிவதைக் கண்டவருக்கு, உப்புப் படிந்த தாளுக்கு நேர்வதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பசையைத் தேடி வரும் வெள்ளிப்பூச்சியும் கரையானும் வேறு. ஜப்பானியர் பருவத்துக்கேற்ற ஓவியத்தைச் சில நாட்கள் மட்டும் மாட்டி, பின்னர் சுருட்டி, ஈரத்தை மெல்ல ஏற்று மெல்ல விடும் பவுலோனியா மரப்பெட்டியில் வைத்தமை, அழகுணர்வை மட்டுமன்றி இந்த எதிரிகளையும் கருதிய வழக்கமாகும்.

சாயவேரின் வணிகம் முடிந்த கதை சுருக்கமானது. 1868இல் ஜெர்மனியில் கிரேபவும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். ஒருசில ஆண்டுகளில் தொழிற்சாலை அலிசரின் சந்தையை நிறைத்தது. மணலைத் தோண்டி மெல்லிய வேர்களைச் சேர்க்கும் உழைப்பு அதன் விலையோடு போட்டியிட முடியவில்லை. தஞ்சைப் பகுதியிலுள்ள கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்கொண்டு எழுதும் தொழில் ஒருசில குடும்பங்களில் தொடர்கிறது; கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பழைய சுருள்களின் கரைத்துணி உண்மையிலேயே சோழமண்டலத்துச் சராசாவா, ஜப்பானியப் போலியா என்பதை இன்று ஆய்வுகூடங்கள் சில மில்லிமீற்றர் நூலைக் கொண்டே பிரித்தறிகின்றன. நூலிலிருந்து சாயத்தைக் கரைத்தெடுத்து, அதன் கூறுகளை உயரழுத்த நீர்ம வண்ணப்பகுப்பு என்ற முறையால் தனித்தனியாகப் பிரித்தால், ஐரோப்பிய மஞ்சிட்டியில் அலிசரினோடு பர்ப்பியூரின் என்ற மற்றொரு சிவப்புச் சேர்மமும் வெளிப்படும். ஜப்பானின் அக்கானே வேரிலும் இந்திய மஞ்சிட்டியிலும் பர்ப்பியூரின் வகைகளே மிகுந்திருக்கும். சாயவேரில் அலிசரின் உண்டு, அதன் நெருங்கிய உறவுச் சேர்மங்கள் சில உண்டு, பர்ப்பியூரின் காணப்படுவதில்லை. இந்த இன்மையே அடையாளம். ஆனால் அவ்வேர் கிருஷ்ணாக் கழிமுகத்து மணலில் பிடுங்கப்பட்டதா, மன்னார் மணலில் பிடுங்கப்பட்டதா என்பதை அந்தப் பகுப்பாய்வு சொல்வதில்லை, ஏனெனில் இரண்டும் ஒரே செடி.